நட்எக்ஸ் ஷெல்லில் முதல் தடவை சரி, இரண்டாம் தடவை தப்பு: ஏன்?

ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்துபோகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். எஸ்டிஎம்32 எஃப்4 டிஸ்கவரி என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில், சின்னச் சிப்புகளுக்கான நிகழ்நேர இயங்குதளமான நட்எக்ஸை ஏற்றியிருக்கிறார். வெப்பநிலை சென்சாரைப் படித்துச் சராசரி சொல்லும் ஒரு சின்ன சி புரோகிராம் எழுதி அதற்குத் 'தெர்மோ' என்று பெயர் வைத்திருக்கிறார். முதலில் ஷெல்லில், அதாவது கட்டளை தட்டும் இடத்தில், பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. எப்படியோ அதைச் சரிசெய்துவிட்டார். இப்போது முதல் தடவை ஓட்டினால் சராசரி சரியாக வருகிறது, இரண்டாம் தடவை தப்பாக வருகிறது, நாலைந்து தடவை ஆனதும் போர்டே அசையாமல் நின்றுவிடுகிறது. சென்சாருக்குப் பதில் ஏதோ எண்களைக் கொடுத்து லேப்டாப்பில் லினக்ஸில் ஓட்டிப் பார்த்தால் நூறு தடவை ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. "நட்எக்ஸில்தான் பிழையா அண்ணா, இல்லை போர்டு கெட்டுப்போச்சா?" என்பது கேள்வி.

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நட்எக்ஸும் அதன் வேலையைச் செய்கிறது. லினக்ஸ் ஷெல்லும் நட்எக்ஸ் ஷெல்லும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் வந்த குழப்பம் இது. அதே ப்ராம்ப்ட், அதே 'எல்எஸ்', அதே 'பிஎஸ்', பின்னணியில் ஓட்ட அதே & குறி. ஆனால் பெயரைத் தட்டி என்டர் அழுத்திய பிறகு உள்ளே நடப்பது வேறு. லினக்ஸில் ஒரு புதிய ப்ராசஸ் பிறக்கிறது. உங்கள் போர்டில், ஃபர்ம்வேருக்குள் (போர்டில் எழுதி வைத்த ஒரே மென்பொருள் தொகுப்புக்குள்) ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது. உங்களுக்கு வந்த எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் அந்தக் 'கட்டளை இல்லை' விவகாரம். அதை எப்படியோ சரிசெய்தீர்கள் என்கிறீர்கள். ஏன் சரியானது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அடுத்த புரோகிராமில் மறுபடியும் வரும். லினக்ஸில் ஷெல், பாத் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடும். என்எஸ்ஹெச், அதாவது நட்எக்ஸின் ஷெல், சாதாரணமாகக் கோப்பு எதையும் தேடுவதில்லை. கம்பைல் ஆகும்போதே ஒரு அட்டவணை தயாராகிறது. அதில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் நான்கு விவரங்கள் இருக்கும்: பெயர், முன்னுரிமை, ஸ்டாக் (ஃபங்ஷன்களின் தற்காலிக மாறிகள் உட்காரும் இடம்) அளவு, ஃபங்ஷனின் முகவரி. உங்கள் மேக்ஃபைலில் புரோகிராம் பெயர், முன்னுரிமை, ஸ்டாக் அளவு என்று மூன்று வரிகள் எழுதினீர்கள் அல்லவா, அவைதான் இந்த அட்டவணைக்குப் போகின்றன. நீங்கள் 'மெயின்' என்று எழுதியதைக் கம்பைல் செய்யும்போது 'தெர்மோ_மெயின்' என்று பெயர் மாற்றிவிடுகிறார்கள். ஒரே ஃபர்ம்வேருக்குள் பத்து புரோகிராம் இருந்தால் பத்து மெயின் இருக்க முடியாதே!

ஆகவே மெனுகான்ஃபிகில், அதாவது எதெல்லாம் ஃபர்ம்வேரில் சேரவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திரையில், பில்ட்-இன் ஆப்ஸ் வசதியும் உங்கள் புரோகிராமும் இரண்டுமே டிக் ஆகியிருக்க வேண்டும். மறுபடி கம்பைல் செய்து, போர்டின் ஃப்ளாஷில் மறுபடி எழுதவும் வேண்டும். 'ஹெல்ப்' என்று தட்டினால் கடைசியில் பில்ட்-இன் ஆப்ஸ் என்று ஒரு பட்டியல் வரும். அதில் பெயர் இல்லையென்றால் ஃபர்ம்வேரில் புரோகிராம் இல்லை, வேறெங்கும் தேட வேண்டாம். சில சமயம் டிக் செய்தும் வராது. பழைய பதிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். முழுவதுமாகத் துடைத்துவிட்டு மறுபடி கட்டினால் வந்துவிடும்.

ஒரு கிளை விஷயம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் புரோகிராமும் ஒரே ஃபர்ம்வேரில் இணைக்கப்படுவதால் ஃபங்ஷன் பெயர்களும் ஒரே குடும்பத்துக்குள் வந்துவிடுகின்றன. நீங்கள் 'இனிட்' என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, பக்கத்து இருக்கைக்காரரும் அவர் புரோகிராமில் 'இனிட்' எழுதினால், எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக இணைக்கும் லிங்கர் சண்டைக்கு வரும். வெளியில் தேவையில்லாத ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முன்னால் 'ஸ்டாட்டிக்' போடுவதைக் கை பழகிக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது சராசரி ஏன் தப்பாகிறது என்று பார்ப்போம். நீங்கள் புரோகிராமின் கோடை (எழுதிய வரிகளை) அனுப்பவில்லை. ஆனாலும் ஃபங்ஷனுக்கு வெளியே 'கூட்டுத்தொகை = 0', 'எண்ணிக்கை = 0' என்று இரண்டு குளோபல் மாறிகள் இருக்கும் என்று நினைக்கிறேன். லினக்ஸில் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புது ப்ராசஸ், புது மெமரி, அந்த 0 மறுபடி 0 ஆகத் தொடங்கும். உங்கள் போர்டில் அந்த 0 எழுதப்படுவது ஒரே ஒரு தடவைதான், ரீசெட் ஆகும்போது. மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் தொடக்கக் கோடு, ஆரம்ப மதிப்பு உள்ள மாறிகளை ஃப்ளாஷிலிருந்து ரேமுக்கு நகல் எடுக்கிறது, மீதியைப் பூஜ்யமாக்குகிறது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. அதன்பின் நீங்கள் தெர்மோவை எத்தனை தடவை அழைத்தாலும் அந்த மாறிகளை யாரும் தொடமாட்டார்கள். முதல் ஓட்டத்தில் சேர்ந்த கூட்டுத்தொகை அப்படியே இருக்கும், இரண்டாம் ஓட்டம் அதன் மேல் கூட்டிக்கொண்டு போகும்.

மடிவாளாவிலோ பிடிஎம் லேஅவுட்டிலோ நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் இருந்திருந்தால் உடனே புரியும். லினக்ஸ், வருகிற ஒவ்வொருவருக்கும் கழுவித் துடைத்த தனிச் சமையலறை கொடுக்கிறது. நட்எக்ஸின் இந்த அமைப்பில் எல்லாருக்கும் ஒரே சமையலறை. முந்தின ஆள் அடுப்பில் வைத்துவிட்டுப் போன பாத்திரம் நீங்கள் வரும்போதும் அடுப்பிலேயே இருக்கும்.

இதற்கு மருந்து சுலபம். தொடக்க மதிப்புகளை அறிவிப்பில் எழுதாமல் மெயினுக்குள் முதல் வரிகளில் எழுதுங்கள். இன்னும் நல்லது, எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரக்சருக்குள் வைத்து, மெயின் தொடங்கியதும் அதை முழுவதுமாகப் பூஜ்யமாக்குவது. ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் என்று அறிவித்த மாறிகளை மறந்துவிடாதீர்கள், அவையும் இதே கதைதான்.

அடுத்து, போர்டு நின்றுபோவது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு நாங்கள் மூன்று நாள் கொடுத்தோம்.

பல வருஷங்களுக்கு முன் பீன்யாவில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. தண்ணீர்த் தொட்டிகளின் வால்வுகளைத் திறந்து மூடும் பெட்டி ஒன்று செய்துகொண்டிருந்தோம். ஒரு பெட்டிக்குப் 12 வால்வு. பொருத்தும் இடத்தில் ஒவ்வொரு வால்வையும் சோதிக்க ஷெல்லில் ஒரு கட்டளை வைத்திருந்தோம். வால்வு எண்ணைக் கொடுத்தால் அது திறந்து, மூடி, எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொல்லும். பொருத்தப் போன கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தார்: "சார், பத்து வால்வு வரைக்கும் சரியா இருக்கு, பதினொண்ணாவது மட்டும் வேலை செய்யல." வயரை மாற்றினார். வால்வையே மாற்றினார். மறுபடி 1 முதல் ஆரம்பித்தார், மறுபடி பதினொன்றில் நின்றது. இரண்டாவது புது வால்வும் போட்டாயிற்று. மூன்றாம் நாள் அவருக்கே தோன்றியது, பன்னிரண்டிலிருந்து பின்னோக்கி வந்து பார்க்கலாம் என்று. இந்தத் தடவை பதினொன்று அழகாக வேலை செய்தது. நின்றது இரண்டாவது வால்வு.

அவர் அதைச் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. 12, 11, 10 என்று எண்ணிக்கொண்டு வந்தால் இரண்டாவது வால்வு பதினொன்றாம் ஓட்டம். வால்வுக்கும் பிழைக்கும் சம்பந்தமே இல்லை. எண்ணிக்கைக்குத்தான் சம்பந்தம். என் சோதனைப் புரோகிராம் ஒவ்வொரு ஓட்டத்திலும் மேலாக் (மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) மூலம் 8 கிலோபைட் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்காமலே முடிந்துகொண்டிருந்தது. போர்டில் மிச்சம் இருந்தது சுமார் 86 கிலோபைட். பத்து ஓட்டத்துக்கு 80 போனது, பதினொன்றுக்கு இடமில்லை.

லினக்ஸில் பழகியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இது. புரோகிராம் முடிந்தால் அதன் மெமரி முழுவதையும் கர்னல் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ ஃபங்ஷனைக் கடைசியில் எழுதமாட்டோம். லினக்ஸில் அது பெரிய குற்றமில்லை. நட்எக்ஸின் இந்த அமைப்பில் ஹீப், அதாவது மேலாக் இடம் எடுத்துக் கொடுக்கும் மெமரிப் பகுதி, எல்லாருக்கும் பொது. ஒரு டாஸ்க் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை) முடியும்போது நட்எக்ஸ் திறந்த கோப்புகளை மூடிவிடுகிறது, ஸ்டாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆனால் நீங்கள் மேலாக் செய்தது யாருடையது என்று கணக்கு வைப்பதில்லை. அது அப்படியே கிடக்கும், ரீசெட் வரை.

இன்னொன்று: மேலாக் தோற்றுப்போய் நல், அதாவது முகவரி 0, திரும்பி வந்ததைச் சோதிக்காமல் அந்த முகவரியைப் படித்தால், லினக்ஸ் உடனே செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிறுத்திவிடும். உங்கள் எஸ்டிஎம்32இல் சாதாரணமாக ஃப்ளாஷிலிருந்து பூட் ஆகும்போது முகவரி 0 என்பது ஃப்ளாஷின் இன்னொரு பெயர். படித்தால் ஒரு எண் கிடைக்கும், அது ஸ்டாக்கின் தொடக்க முகவரி. புரோகிராம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் நடக்காததுபோலத் தொடரும். அதனால்தான் ஒவ்வொரு மேலாக்கையும் சோதியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். ஷெல்லில் 'ஃப்ரீ' என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதைத் தட்டிப் பயன்பாட்டில் உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மோவை ஒரு தடவை ஓட்டுங்கள். மறுபடி 'ஃப்ரீ'. முதல் ஓட்டத்தில் கொஞ்சம் கூடினால் பதறவேண்டாம், சில டிரைவர்கள் முதல் தடவை மட்டும் இடம் வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டாம், மூன்றாம் ஓட்டத்திலும் அதே அளவு கூடினால் ஓட்டை உங்கள் புரோகிராமில்தான்.

இரண்டாவது காரணம் ஸ்டாக். லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு புரோகிராமின் ஸ்டாக் வழக்கமாக 8 மெகாபைட் வரை வளரலாம். நட்எக்ஸில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வழக்கமாகக் கிடைப்பது 2048 பைட். மெகாபைட் இல்லை, பைட். ஃபங்ஷனுக்குள் 512 ஃப்ளோட் கொண்ட ஒரு அர்ரே அறிவித்தால் அதற்கே 2048 பைட் போய்விடும். பிரின்ட்எஃப் தனியாகக் கேட்கும். உங்கள் சென்சார் மாதிரிகளை அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

ஸ்டாக் நிரம்பினால் உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. டாஸ்க்குக்கான ஸ்டாக் ஹீப்பிலிருந்து வெட்டிக் கொடுத்த ஒரு துண்டு. அது எல்லை தாண்டினால் பக்கத்தில் இருப்பவரின் துண்டில் எழுதிவிட்டுத் திரும்பும். உங்கள் புரோகிராம் சரியாக முடிந்ததுபோலத் தெரியும். பத்து விநாடி கழித்து, சம்பந்தமே இல்லாத வேறொரு டாஸ்க் மெமரி கேட்கும்போது போர்டு விழும். எங்கே விழுந்ததோ அங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இதற்கு நட்எக்ஸில் நல்ல கருவி இருக்கிறது. ஸ்டாக் கலரேஷன் என்ற வசதியை இயக்கினால், டாஸ்க் தொடங்கும்போது ஸ்டாக் முழுவதையும் 'டெட்பீஃப்' என்று படிக்கும்படியான ஒரு பதினாறடிமான எண்ணால் பூசிவிடும். பிறகு 'பிஎஸ்' தட்டும்போது எவ்வளவு பூச்சு அழிந்திருக்கிறது என்று பார்த்து, அதிகபட்சம் எத்தனை பைட் பயன்பட்டது, எத்தனை சதவீதம் என்று காட்டும். தெர்மோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்பதால் & போட்டுப் பின்னணியில் ஓட்டுங்கள். 'தெர்மோ [7:100]' என்பதுபோல ஒரு வரி வரும். 7 டாஸ்க் எண், 100 முன்னுரிமை. பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டினால் நான் ஸ்டாக்கை உயர்த்திவிடுவேன். பெரிய அர்ரேயாக இருந்தால் ஸ்டாக்கிலிருந்தே எடுத்துவிடுவேன்.

மூன்றாவது காரணம் முன்னுரிமை. இது உண்மையில் நிற்பதில்லை, நின்றதுபோலத் தெரிவது. ஷெல்லும் ஒரு டாஸ்க்தான், வழக்கமாக முன்னுரிமை 100. உங்கள் மேக்ஃபைலில் 150 என்று எழுதி, உள்ளே சென்சார் தயாராகும் வரை தூங்காமல் சுற்றும் ஒரு லூப் இருந்தால், ஷெல்லுக்கு முறையே வராது. நீங்கள் தட்டும் எழுத்து உள்ளே வந்து காத்திருக்கும், எடுத்துப் படிக்க ஆள் இருக்காது. 'கில்' என்று தட்டக்கூட வழியில்லை. லினக்ஸ் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு கொடுக்கும். நிகழ்நேர இயங்குதளத்தில் மேலே இருப்பவர் தானாக விலகினால்தான் கீழே இருப்பவருக்கு முறை. லூப்புக்குள் சில மில்லிவிநாடி தூக்கம் வையுங்கள், முன்னுரிமையை 100க்குக் கீழே இறக்குங்கள்.

நட்எக்ஸில் எண் பெரிதானால் முன்னுரிமை அதிகம். விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இன்னொரு நிகழ்நேர இயங்குதளத்தில் நேர் எதிர், 0தான் உச்சம், 255 அடிமட்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு மாற்றுகிறவர்கள் கட்டாயம் இடறும் இடம்.

விஎக்ஸ்வொர்க்ஸைச் சொன்னதால் அதன் ஷெல்லையும் சொல்ல வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை மாறும்போது எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. அங்கே வழக்கமான ஷெல் ஒரு சி மொழி இன்டர்ப்ரெட்டர். ஃபங்ஷன் பெயரைத் தட்டினால் அந்த ஃபங்ஷன் ஷெல்லின் சொந்த டாஸ்கிலேயே ஓடும். அது முடியாமல் சுற்றினால் ஷெல்லும் அதோடு மாட்டிக்கொள்ளும். முன்னால் 'எஸ்பி' என்று சேர்த்துத் தட்டினால்தான் தனி டாஸ்க் பிறக்கும். செஃபிர் என்ற இயங்குதளம் இன்னொரு வகை: அங்கே ஷெல்லில் பதிவு செய்த கட்டளை ஷெல்லின் த்ரெட்டில், ஷெல்லின் ஸ்டாக்கிலேயே ஓடும். நட்எக்ஸ் தனி டாஸ்க், தனி ஸ்டாக் கொடுப்பதால் அந்த இரண்டையும்விட லினக்ஸுக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது. அந்தக் கிட்டம்தான் உங்களை ஏமாற்றியது.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில் விஎக்ஸ்வொர்க்ஸ் ஓடியது. இறங்கிய சில நாட்களில் அது தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. முன்னுரிமை குறைந்த வானிலை டாஸ்க் ஒரு செமஃபோரை (பொதுவானதைப் பூட்டும் ஒரு பூட்டை) பிடித்துக்கொண்டிருக்க, இடையில் நடுத்தர டாஸ்குகள் புகுந்து ஓட, மேலே உள்ள டாஸ்க் காத்துக்கிடந்தது. பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் முன்னுரிமை மரபுரிமை என்ற வசதியை இயக்கி அதைச் சரிசெய்தார்கள். பூமியிலிருந்து அந்த ஷெல்லில் தட்டித்தான் சரிசெய்தார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. ஷெல் விண்கலத்தில் பயன்படுத்தும் நிலையில்தான் இருந்தது, ஆனால் திருத்தத்துக்கு அதைப் பயன்படுத்தவில்லை என்று அந்த மென்பொருள் குழுவை நடத்திய க்ளென் ரீவ்ஸ் எழுதியிருக்கிறார். மென்பொருளைத் திருத்த அவர்கள் தனியாக ஒரு முறை வைத்திருந்தார்கள்.

இனி & குறியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பின்னணியில் ஓடும் புரோகிராம் கன்சோலிலிருந்து எழுத்துப் படிக்கக் கூடாது. நட்எக்ஸில் லினக்ஸ் மாதிரி முன்னணி, பின்னணி என்று டெர்மினலைப் பிரித்துக் காக்கும் ஏற்பாட்டை எதிர்பார்க்காதீர்கள். ஷெல்லும் உங்கள் புரோகிராமும் ஒரே சீரியல் போர்ட்டில் படித்தால், தட்டும் எழுத்தில் பாதி இங்கே, பாதி அங்கே போகும்.

நிறுத்துவதற்குக் 'கில்' போடுவதும் எனக்குப் பிடிக்காது. வாங்கிய மெமரி, இயக்கி வைத்த சென்சார் எல்லாம் பாதியில் நிற்கும். ட்ரோன்களுக்கான பிஎக்ஸ்4 மென்பொருள் நட்எக்ஸ் மேல்தான் ஓடுகிறது, அவர்கள் வழி நல்ல வழி. ஒவ்வொரு மாட்யூலும் ஷெல்லில் 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்', 'ஸ்டேட்டஸ்' என்று மூன்று சொல்லுக்குப் பதில் சொல்லும். உங்கள் தெர்மோவையும் அப்படி எழுதுங்கள். 'தெர்மோ ஸ்டார்ட்' என்றால் ஒரு டாஸ்க்கை உருவாக்கிவிட்டு மெயின் உடனே திரும்பிவிட வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவதாக ஒன்றைத் தொடங்காமல் அதைச் சொல்ல வேண்டும். 'ஸ்டாப்' ஒரு கொடியை மாற்றும். டாஸ்க் தன் லூப்பில் அதைப் பார்த்து, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானே வெளியேறும். கவனித்தீர்களா, இங்கே குளோபல் மாறி ரீசெட் வரை உயிரோடு இருப்பது உதவியாகிறது. 'ஸ்டார்ட்' தட்டியபோது எழுதிய மதிப்பை, தனி ஓட்டமாக வரும் 'ஸ்டேட்டஸ்' படிக்க முடிகிறது. லினக்ஸில் இதற்குக் கோப்போ பகிர்ந்த மெமரியோ வேண்டும்.

பிறகு போர்டு எழுந்ததும் தானாக ஓட வேண்டுமானால், ரோம்எஃப்எஸ்ஸில் (ஃபர்ம்வேரோடு சேர்ந்தே வரும் கோப்புத் தொகுப்பில்) இருக்கும் தொடக்க ஸ்கிரிப்டில் 'தெர்மோ ஸ்டார்ட்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதுவும் ஷெல் கட்டளைதான்.

புரோகிராமை எஸ்டி கார்டில் போட்டு லினக்ஸ் மாதிரி ஓட்ட முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும், இஎல்எஃப் (கோப்பாக இருக்கும் புரோகிராமை ஏற்றி ஓட்டும் வடிவம்) ஆதரவை இயக்கினால். ஆனால் அப்படி ஏற்றும் கோடு ரேமில் உட்காரும். உங்கள் சிப்பில் ரேம் மொத்தம் 192 கிலோபைட், ஃப்ளாஷ் 1 மெகாபைட். பில்ட்-இன் புரோகிராமின் கோடு ஃப்ளாஷிலிருந்தே ஓடுவதால் ரேமைத் தொடாது. இந்தப் போர்டில் எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

இன்று மாலை முதலில் குளோபல் மாறிகளை மெயினுக்குள் கொண்டுவாருங்கள், சராசரி அதிலேயே சரியாகிவிடும் என்று நம்புகிறேன். அப்புறம் ஸ்டாக்கை 4096 ஆக்கி, மூன்று ஓட்டத்துக்கும் 'ஃப்ரீ' காட்டும் எண்ணையும், ஓடும்போது 'பிஎஸ்' காட்டும் வரியையும் அனுப்புங்கள். அதிலும் பிடிபடவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை போர்டை எடுத்துக்கொண்டு அல்சூர் பக்கம் வாருங்கள் தம்பி, சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிடலாம். சீரியல் கேபிளை மறக்காதீர்கள், 3.3 வோல்ட் வகை.